வெள்ளைத் துணி சொன்ன பொய்: ஒரு .22 ரைஃபிளின் கரி வளையம்

ஜனவரி கடைசி. டெல்லியில் காலை பத்து மணி வரைக்கும் பனிமூட்டம் விலகாத நாட்கள். மயூர் விஹாரிலிருந்து பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். அவர் மகள் 50 மீட்டர் ரைஃபிள் சுடுகிறவள், வயது இருபத்து மூன்று. "ஆறு மாசமா ஸ்கோர் இறங்கிக்கிட்டே இருக்கு. கோச் மூச்சு சரியில்லைங்கிறார், நான் செல்போன்தான் காரணம்ங்கிறேன், அவ துப்பாக்கியச் சொல்றா. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்றார்.

நான் துப்பாக்கி மெக்கானிக் இல்லை. ஓக்லாவில் ஒரு தொழிற்சாலையில் லேத், மில்லிங் மெஷின்களைக் கவனித்துக்கொள்கிற வேலை. கல்லூரியில் என்.சி.சி. கேடட்டாக .22 ரைஃபிளைத் தொட்ட கை, அப்புறம் சில வருஷம் ப்ரோன், அதாவது படுத்தபடி, சுட்டது. இப்போது அடுத்தவர்களின் ரைஃபிள்களைத் துடைத்துப் பார்ப்பதோடு சரி. இந்தக் கேஸை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், இதில் யாரும் அசட்டையாக இருக்கவில்லை என்பதுதான். அந்தப் பெண் தன் ரைஃபிளை வாரம் தவறாமல் சுத்தம் செய்தவள். கடைசித் துணி வெள்ளையாக வரும்வரை விடமாட்டாள்.

புகார்

ரைஃபிள் அன்ஷூட்ஸ் 1913, ஜெர்மனியில் செய்தது, இரண்டாம் கையாக வாங்கியது. அவளிடம் வந்த பிறகு சுமார் 18,000 தோட்டா சுட்டிருக்கிறாள். டைரியில் எழுதி வைத்திருந்தாள். அதற்கு முன்னால் எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

ப்ரோனில் 60 தோட்டா. ஒவ்வொன்றுக்கும் உச்சம் 10.9 என்பதால் மொத்தம் 654. அவள் 616, 618 என்று நிலையாகச் சுட்டுக்கொண்டிருந்தவள். அது 612 ஆகி, 609 ஆகி, டிசம்பரில் 606-க்கு வந்துவிட்டது. வெளியாளுக்கு இது ஒன்றுமே இல்லாத வித்தியாசமாகத் தெரியலாம். 50 மீட்டர் தூரத்தில் பத்து என்கிற வட்டத்தின் குறுக்களவு 10.4 மி.மீ., சட்டைப் பித்தான் அளவு. அந்தப் பித்தானுக்குள்தான் எல்லாப் போட்டியும் நடக்கிறது.

மொத்த ஸ்கோரைவிட, தோட்டாக்கள் விழுந்த விதம்தான் என் கண்ணில் பட்டது. பத்தில் எட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. மீதி இரண்டு காரணமே இல்லாமல் ஒன்பதுக்கோ எட்டரைக்கோ ஓடிவிடுகின்றன. ஒரு தடவை மேலே, ஒரு தடவை வலது கீழே. மூச்சுத் தப்பினால் பெரும்பாலும் மேலும் கீழுமாகச் சிதறும், ட்ரிகரை இழுத்துவிட்டால் ஒரே பக்கமாகப் போகும். இதில் எந்த ஒழுங்கும் இல்லை.

"வேற ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "போல்டை மூடறப்போ சில தோட்டா முரண்டு பிடிக்குது அங்கிள். குளிர்னு நினைச்சேன்."

போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளி, குழாயின் பின்பக்கத்தை மூடுகிற உருளை. விடை அவள் சொன்ன அந்த வாக்கியத்தில்தான் இருந்தது. நான் அதை நோட்டில் குறித்துக்கொண்டேன், ஆனால் பிடித்துக்கொள்ளவில்லை.

அரை மணி நேரச் சோதனை

மறுநாள் துக்ளகாபாத்தில் கர்ணி சிங் ரேஞ்ச். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய இடம். டெல்லியில் ரைஃபிள் பிடித்தவர்கள் எல்லோருடைய வாழ்க்கையும் எப்படியாவது அந்த வாசலைத் தொட்டுப் போகும். குளிரா என்று பார்க்க மதிய வெயில் வந்த பிறகு சுட வைத்தோம். அதே கதை. தோட்டா மூன்று வெவ்வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) மாற்றினோம், மூன்றிலும் இரண்டு ஓடுகாலிகள். ரைஃபிளைத் தாங்கும் கட்டையான ஸ்டாக்கைப் பிணைக்கிற ஸ்க்ரூக்களை டார்க் ரெஞ்சால் சரிபார்த்தோம், குறிபார்க்கும் பின் சைட்டைக் கழற்றி வேறு மாட்டினோம். ஒன்றும் மாறவில்லை.

கடைசியில் செய்ததைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். பக்கத்து லேனில் இருந்த தோழி, கூடவே நின்று, தன் ரைஃபிளைக் கொடுத்தாள். அதில் இவள் இருபது தோட்டா சுட்டாள்: பழைய கை, தோட்டாக்கள் நெருங்கி விழும் பழைய க்ரூப். இவள் ரைஃபிளை மணல் மூட்டைமேல் வைத்து கோச் சுட்டார்: பத்தில் இரண்டு ஓட்டம். கோச் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் ஒரு டீ வாங்கி வந்து அவளிடம் கொடுத்தார். ஆறு மாதமாக மூச்சைக் குறை சொன்னதற்கு அவர் பாணி மன்னிப்பு அது.

நீலத் துணி

அவள் சுத்தம் செய்த முறையைக் கேட்டபோது ஒரு வேடிக்கை வெளியே வந்தது. முதல் இரண்டு வருஷம் ஃபெல்ட் உருண்டையை எண்ணெயில் நனைத்துக் குழாய்க்குள் தள்ளியிருக்கிறாள், அதைத் தொடர்ந்து ஒரு காய்ந்த உருண்டை. இலக்கு ரைஃபிள் சுடுகிற பலரும் செய்வதுதான். பிரஷ் மட்டும் போட்டதே இல்லை. பித்தளைக் கம்பி பேரலை, அதாவது குழாயை, கீறிவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள்.

ஸ்கோர் இறங்கத் தொடங்கியதும் ஒரு கடையில் ஆலோசனை கேட்டிருக்கிறாள். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. அவர்கள் அம்மோனியா நெடி அடிக்கும் சால்வென்ட் ஒரு பாட்டில் கொடுத்து, "செம்பு படிஞ்சிருக்கும், இதைப் போட்டா நீலமா வெளிய வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். நீலமாகவே வந்திருக்கிறது! வாரா வாரம் போட்டாள், வாரா வாரம் நீலம். மூன்று பாட்டில் தீர்ந்தது.

செம்பு எங்கிருந்து வரும்? பெரிய ரைஃபிள் குண்டுகளுக்குச் செம்புக் கவசம் உண்டு, அது குழாயில் ஒட்டும், அம்மோனியா அதைக் கரைக்கும். சரி. ஆனால் போட்டிக்குச் சுடும் .22 தோட்டாவின் குண்டு வெறும் ஈயம், மேலே மெழுகு. அதில் செம்பே கிடையாது. நான் அவள் கிளீனிங் ராடின் நுனியில் இருந்த, ஜாக் என்னும் துணி மாட்டும் பித்தளை முனையைக் கழற்றி, அதே திரவத்தில் நனைத்த துணியில் சுற்றி, ஒரு பழைய எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்தேன். நாங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் துணி நீலம். மூன்று பாட்டிலும் அவள் கரைத்தது தன் ராடின் நுனியை.

அவள் சிரித்தாள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டில் விலை அவருக்கு ஞாபகம் இருந்தது.

துணியைப் பற்றி எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். துணி எதைத் துடைத்து எடுக்கிறதோ அதைப் பற்றி மட்டும் பேசும். துடைத்து எடுக்க முடியாததைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. கறுப்பாக வந்தால் அழுக்கு இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். வெள்ளையாக வந்தால், துணிக்கு அசைந்து கொடுக்கிற அழுக்கு தீர்ந்தது, அவ்வளவுதான்.

கேமரா காட்டியது

போர்ஸ்கோப் என்பது கம்பி நுனியில் குட்டிக் கேமராவும் 45 பாகையில் சாய்ந்த கண்ணாடியும் வைத்த சாதனம். முன்பெல்லாம் பெரிய கடைகளில் மட்டும் இருந்தது. இப்போது செல்போனோடு இணைக்கிற சீனத் தயாரிப்புகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. .22 குழாயின் உள்விட்டம் சுமார் 5.6 மி.மீ.தான், அதற்குள் நுழைகிற அளவு மெல்லிய கம்பியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

உரிமம் அவள் பெயரில். அதனால் ரைஃபிளை என் வீட்டுக்குத் தூக்கிப் போகும் பேச்சே இல்லை. எல்லாம் அவள் எதிரில், அவள் வீட்டிலேயே. போல்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறையான சேம்பர் காலி என்று இரண்டு பேரும் பார்த்து, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு ஆரம்பித்தோம்.

குண்டு வெளியே வரும் வாய்ப்பக்கத்திலிருந்து பின்னோக்கி வந்தேன். முதல் அரை மீட்டருக்கும் மேல் கண்ணாடி மாதிரி இருந்தது. அவள் உழைப்பு வீண் போகவில்லை. சேம்பரை நெருங்க நெருங்க ஒரு சாம்பல் பூச்சு. அப்புறம், தோட்டாவின் பித்தளை உறையான கேஸின் வாய் வந்து நிற்கிற இடத்துக்குச் சற்று முன்னால், குண்டைச் சுழல வைக்கும் ரைஃப்ளிங் கோடுகள் தொடங்குகிற இடத்தில், சுற்றிலும் ஒரு கறுப்பு வளையம். அகலம் மூன்று நான்கு மி.மீ. இருக்கும். மேல் பக்கம் மெலிதாக, கீழ்ப்பக்கம் தடிப்பாக. கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்திலிருந்து ஒரு நாக்கு முன்னால் நீண்டிருந்தது. மேற்பரப்பு பளபளவென்று, நடுநடுவே ஏரி வற்றிய சேறு போல வெடிப்புகளோடு.

"இது எப்படி அங்கிள் துணியில வரல?" என்றாள்.

ஃபெல்ட் உருண்டை மெத்தென்றது. மேடு வந்தால் அமுங்கி, தாண்டி, மறுபடி விரிந்துகொள்ளும். 18,000 தோட்டாவாக அது அந்த வளையத்தைப் பளபளப்பாக்கிக்கொண்டு இருந்ததே தவிர, பெயர்க்கவில்லை.

அடுத்த நாள் ரேஞ்சில், குழாய் இலக்கைப் பார்த்தபடி இருக்க, ஒரு தோட்டாவை உள்ளே போட்டு, சுடாமல் போல்டைத் திறந்து வெளியே எடுத்தோம். போட்டி ரைஃபிளின் சேம்பர் இறுக்கம். போல்டை மூடும்போதே குண்டின் மூக்கு ரைஃப்ளிங்கில் லேசாகப் பதியும். சீரான சின்னக் கோடுகள் தெரிய வேண்டும். எங்களுக்குக் கிடைத்ததில் கீழ்ப்பக்கம் மெழுகு சுரண்டப்பட்டு, ஈயத்தில் ஒரு கறுப்புக் கீறல். முரண்டு பிடித்த போல்டுக்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு குண்டும் குழாய்க்குள் நுழையும் முன்பே கொஞ்சம் கிள்ளப்பட்டு, மெழுகில் பாதியை இழந்து போயிருக்கிறது. எட்டு சமாளித்துவிடும், இரண்டு சமாளிக்காது.

கரி எப்படிக் கல்லாகிறது

.22 தோட்டாவில் மருந்து ஒரு சிட்டிகைதான். குண்டு 2.6 கிராம், வேகம் விநாடிக்குச் சுமார் 330 மீட்டர், ஒலியைவிடக் கொஞ்சம் குறைவாக வேண்டுமென்றே வைப்பார்கள். கேஸின் விளிம்புக்குள், மருந்தைப் பற்றவைக்க இருக்கும் ப்ரைமரில் லெட் ஸ்டிஃப்னேட் என்னும் ஈயச் சேர்மம் உண்டு. பல தயாரிப்புகளில் உரசலுக்காக நுண்ணிய கண்ணாடித் தூளும் சேர்ப்பார்கள். ஃபயரிங் பின் என்னும் ஊசி அடித்ததும் இவை எல்லாம் ஒரே நொடிப்பொழுதில் எரிகின்றன, ஆனால் முழுசாக எரிவதில்லை. புகைக்கரி, கருகிய மெழுகு, ஈயத்தின் ஆவி, கண்ணாடித் தூள். சூடும் அழுத்தமும் பலமாகத் தாக்கும் இடம் கேஸ் வாய்க்கு நேர் முன்னால். அங்கே ஒரு படலம் ஒட்டுகிறது. அடுத்த தோட்டா அதை வேகவைத்து, மேலே இன்னொரு படலம் பூசுகிறது.

தோசைக்கல்லில் எண்ணெய் தடவித் தடவிச் சூடேற்றினால் கறுப்பாகத் தோல் ஏறும் அல்லவா? அதேதான். தோசைக்கல்லுக்கு அது நல்லது.

ஆறு மணிப் பக்கம் தடிப்பாக இருப்பது வழக்கம்தான். தோட்டா சேம்பரின் தரையில் படுத்திருக்கிறது, எரியாத துகளும் கீழேதான் தங்கும். இந்த வளையத்தின் பிறப்பைத் தெளிவாகக் காட்டும் இன்னொரு உதாரணம், .22 லாங் ரைஃபிள் சேம்பரில் கேஸ் குட்டையான .22 ஷார்ட் தோட்டாவைத் தொடர்ந்து சுடுவது. வளையம் இன்னும் பின்னால், சேம்பருக்குள்ளேயே உருவாகும். அப்புறம் நீளத் தோட்டா உள்ளே போகாமல் அடம்பிடிக்கும். கேஸ் வாய் எங்கே நிற்கிறதோ, அங்கே கரி.

பெரிய தவறு பலருக்கும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. எந்தத் திரவம் கரியைக் கரைக்கும் என்று தேடுகிறார்கள். வீட்டில் வைக்கத்தக்க எந்தத் திரவமும் கரியைக் கரைக்காது. கரித்துகள்களைப் பிணைத்துப் பிடித்திருக்கும் தார் போன்ற பசையைத்தான் நல்ல திரவம் இளக்குகிறது. வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கி, இரும்புக்கும் கரிக்கும் நடுவில் புக வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். அப்புறம் இளகியதைப் பெயர்க்க ஒரு பிரஷ் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நடக்காது.

ரேஞ்சில் விஷயம் பரவியதும் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் கொதிக்கிற தண்ணீரை ஊற்றச் சொன்னார். பழைய .303 ராணுவ ரைஃபிள் காலத்தில் அது சரியான வைத்தியம்: அன்றைய ப்ரைமரில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து உப்பை விட்டுப் போகும், உப்பு ஈரத்தை இழுத்துத் துருவாக்கும், சுடுதண்ணீர் உப்பைக் கரைக்கும். பிறகு புல்த்ரூ என்னும் கயிற்றில் துணிச் 'சிந்தி' கோத்து இழுத்து, ரங்கூன் ஆயில் தடவுவார்கள். இங்கே உப்பும் இல்லை, கரிக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலையும் இல்லை. இன்னொருவர் கழிப்பறை ஆசிட் என்றார். அதைச் செய்த ஒரு ரைஃபிளை நான் பார்த்திருக்கிறேன்: கரி அப்படியே இருந்தது, குழாயின் நீலப்பூச்சு மட்டும் போய்ப் பழுப்பாகியிருந்தது. மண்ணெண்ணெய் மெழுகை எடுக்கும், அதற்குக் கீழே அதற்கு வேலை இல்லை.

ஊறல்

முதல் நாள் சாயங்காலம் டைனிங் டேபிளில் நியூஸ்பேப்பர் விரித்தோம். அவள் அம்மா வந்து பார்த்தார். "அண்ணா, இதுல ஈயம் இருக்குன்னு சொன்னீங்களே, சாப்பிடற மேஜையிலயா?" என்றார். நியாயம். அந்தக் கறுப்புத் துணிகளில் ஈயத் தூளும் இருக்கிறது. எல்லாவற்றையும் பால்கனிக்கு மாற்றினோம். கையுறை போட்டுக்கொண்டோம், அழுக்குத் துணிக்குத் தனியாக ஒரு பை வைத்தோம்.

கஷ்மீரி கேட்டில் வாங்கிய கார்புரேட்டர் கிளீனரை முதலில் முயன்றேன், வண்டி இன்ஜினில் கரியை எடுக்கிறதே என்று. எடுக்கும்தான், ஆனால் நிமிடத்தில் ஆவியாகிப் பறந்துவிடும். ஊறுவதற்கு அது நிற்பதே இல்லை. தெறித்தால் ஸ்டாக்கின் வார்னிஷும் போகும், பற்றிக்கொள்ளும் ஆபத்து வேறு. எடுத்து வைத்துவிட்டேன்.

பிறகு, கரிக்கென்றே விற்கும் நீர் சார்ந்த திரவம், அம்மோனியா இல்லாதது. முறை இப்படி. ரைஃபிளை வாய்ப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கும்படி தாங்கியில் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் திரவம் பின்னால் ஓடி ட்ரிகருக்குள் இறங்கும். போல்ட் இருந்த இடத்தில் போர் கைடு என்னும் குழல். அது ராடை நடுவில் பிடித்து வைத்துக்கொள்ளும், ராட் வளைந்து ரைஃப்ளிங் தொடக்கத்தை உரசாது. எப்போதும் பின்னாலிருந்து முன்னால்தான். தேய்ந்துபோன பழைய நைலான் பிரஷ்மேல் துணி சுற்றி, சொட்டச் சொட்ட நனைத்து, வளையம் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, விட்டுவிட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி நனைக்க வேண்டும். முக்கால் மணி நேரம்.

ஒன்றும் நடக்கவில்லை. பிரஷ் போட்டால் துணியில் லேசான பழுப்பு, அவ்வளவுதான். கேமராவில் வளையம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

நானும் அவளும் அசடு வழிய உள்ளே வந்தபோது, அவள் அம்மா சிங்க்கில் அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். "பால்கனியில எட்டு டிகிரி குளிர்ல வச்சா எது ஊறும்?" என்றார், பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இருபத்தைந்து வருஷமாக மெஷின் பார்க்கிற எனக்கு அது தோன்றவில்லை. அடுத்த நாள், வெயில் வருகிற பின்னறையில் ஜன்னலைத் திறந்து வைத்து, திரவ பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைத்து எடுத்து, அதே வேலையைச் செய்தோம். இந்தத் திரவம் பற்றிக்கொள்கிற வகை இல்லை. அம்மோனியா, தின்னர் வகையறாவைச் சூடு பக்கம் கொண்டுபோகவே கூடாது. முக்கால் மணி நேரம் கழித்து, அளவு சரியாக இருக்கும் புது வெண்கலப் பிரஷ். வளையத்தைக் கடக்கும்போது ராடில் நறநறவென்று ஓர் உணர்வு. முழுசாக வாய் வழியே வெளியே தள்ளி, அங்கேயே பிரஷைக் கழற்றி, ராடைத் துடைத்து, திருப்பி எடுத்தோம். குழாய்க்குள் பாதியில் திருப்பி இழுப்பது பிரஷுக்கும் நல்லதில்லை, வாய் விளிம்புக்கும் நல்லதில்லை. பத்துத் தடவை.

பின்னால் போட்ட வெள்ளைத் துணியில் தார் மாதிரி கறுப்பு. அதன் நடுவில் ஒரு செதில், கடுகில் கால்வாசி இருக்கும். ஊசி நுனியால் எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து, ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பால் அழுத்தினேன். நசுங்கவில்லை. கிறீச்சென்று வழுக்கி, தட்டில் ஒரு மெல்லிய கீறலைப் போட்டுவிட்டுப் பாதியாக உடைந்தது. அதைத்தான் மென்மையான ஈயக் குண்டு ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போயிருக்கிறது. அவள் அந்தச் செதிலைப் போட்டோ எடுத்து கோச்சுக்கு அனுப்பினாள்.

அப்புறம் மூன்று மாலைகள். ஊறல், பிரஷ், துணி, கேமரா, மறுபடி ஊறல். ஒரே நாளில் பத்து மணி நேரம் தேய்ப்பதைவிட இது மேல் என்று என் அனுபவம். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் அவள் அதே கோணத்தில் படம் எடுத்து வைத்தாள். இரண்டாம் நாள் மேல்பாதி விட்டது. மூன்றாம் நாள் வளையம் தீவுதீவாக உடைந்தது. நான்காம் நாள் முடிவில் மிச்சம் இருந்தது ஆறு மணி நாக்கு மட்டும். அது அசையவில்லை.

பேஸ்ட்

இங்கே ஒரு பழைய காயத்தைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் என் சொந்தப் பேரல் ஒன்றை அரைப்புப் பேஸ்ட் போட்டு 'சுத்தம்' செய்தேன். பளபளவென்று வர வேண்டும் என்கிற வெறி. இருநூறு தடவையாவது ராட் போய் வந்திருக்கும். கரி போனது, கூடவே ரைஃப்ளிங் தொடக்கத்தின் கூரும் போனது. அந்தப் பேரல் அதற்குப் பிறகு ஒழுங்காகச் சுடவே இல்லை. கரி பண்ணியிருக்கக்கூடிய சேதத்தைவிட நான் பண்ணியதுதான் அதிகம்.

அதனால் இந்தத் தடவை கணக்கு வைத்துச் செய்தோம். மிருதுவான பேஸ்ட், இறுக்கமான துணியில் பட்டாணி அளவு. ராடில் டேப் ஒட்டிக் குறி வைத்தோம், முதல் நான்கு செ.மீ. தாண்டிப் போகாதபடி. பத்துத் தடவை முன்னும் பின்னும். நிறுத்து. துடை. கேமரா. நாக்கின் நுனி குறைந்திருந்தது. மறுபடி பத்து. பாதிக்கு மேல் போயிற்று. மூன்றாவது பத்தில், ரைஃப்ளிங் பள்ளத்தின் மூலையில் ஒரு கோடாக மட்டும் கறுப்பு மீதி.

"இன்னொரு பத்து போடலாமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். மூலையில் இருக்கும் கோடு குண்டைத் தொடாது. அதைத் துரத்தினால் பேஸ்ட் பக்கத்து மேட்டைத் தின்னும். வேறொருவர் இந்த இடத்தில் தொடர்ந்திருக்கலாம். என் கை ஒரு பேரலைத் தின்ற கை, நிறுத்திவிட்டது.

பேஸ்ட் ஒரு துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது. திரவத்தில் நனைத்த துணிகள், காய்ந்த துணிகள், சேம்பருக்குத் தனியாக ஒரு பிரஷ், கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய். சுடும் முன்னால் அந்த எண்ணெயையும் காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும்.

நாக்கு போன இடத்தில் கேமரா இன்னொன்றையும் காட்டியது. இரும்பு அங்கே சொரசொரப்பாக, மணல் தெளித்த மாதிரி புள்ளிகளோடு இருந்தது. கண்ணாடித் தூளும் சூடும் வருஷக்கணக்கில் அரித்த அரிப்பு. அவள் கையில் வந்ததா, முந்தைய உரிமையாளர் காலத்திலிருந்தா, சொல்ல முடியாது. சொரசொரப்பான இடத்தில் கரி சீக்கிரம் பிடிக்கும், பிடித்தால் விடாது. இதை நண்பரிடம் மறைக்காமல் சொன்னேன். "அப்போ புதுப் பேரலா?" என்றார். இரண்டு மூன்று வருஷத்தில் வேண்டியிருக்கலாம், இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பிப்ரவரி இரண்டாம் வாரம் ரேஞ்சுக்குப் போனோம். முதல் பத்துத் தோட்டா கண்டபடி போயிற்று. அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் அது எதிர்பார்த்ததுதான். சுத்தமாகத் துடைத்த .22 குழாயில் மெழுகுப் பூச்சு இருக்காது. தோட்டாக்களே உள்ளே மறுபடி மெழுகு பூசி முடிக்கும்வரை குண்டு நிலைகொள்ளாது. இருபதுக்கு மேல் க்ரூப் சுருங்கத் தொடங்கியது. முப்பத்தைந்தாவது தோட்டாவுக்குப் பிறகு ஓடுகாலிகளைக் காணவில்லை. போல்ட் வெண்ணெய் மாதிரி மூடியது. அன்றைக்கே 612. மாதக் கடைசியில் 617.3.

இப்போது அவளுடைய வழக்கம் மாறியிருக்கிறது. சுட்டு முடித்ததும் குழாயில் சூடு ஆறும் முன்பே, ரேஞ்சிலேயே, சேம்பர் முனையில் நனைந்த துணி ஒன்றை ஐந்து நிமிடம் நிறுத்தி, நைலான் பிரஷ் போட்டுவிடுகிறாள். அன்றைய கரி அப்போது இன்னும் பிசினாகத்தான் இருக்கும். வெண்கலப் பிரஷ் 300 தோட்டாவுக்கு ஒருமுறை, அதையடுத்து கேமரா. பேஸ்ட் டப்பா என்னிடம் இருக்கிறது, கேட்டால் தவிரக் கொடுப்பதில்லை.

ஏப்ரலில் ஒரு ராத்திரி வாட்ஸாப்பில் படம் வந்தது. ஆறு மணிப் பக்கம், அந்தச் சொரசொரப்பின்மேல், நகக்கீறல் அளவுக்கு ஒரு நிழல். கீழே ஒரே ஒரு வரி: "ஊற வச்சுட்டேன் அங்கிள், அம்மா வெந்நீர் கொடுத்தாங்க."